எதிர்த்தரப்பின் இசைத்தட்டு

“தீர்ப்புச் சொல்லுங்கள், டீச்சர். இரண்டில் எது சிறந்தது?”

ஓய்வுபெற்ற வக்கீல் சவரிராயன் இரண்டு இசைத்தட்டுகளை மேசைமேல் வைத்தார். இரண்டிலும் ஒரே பியானோ சொனாட்டா, வாசித்தவர்கள்தாம் வேறு.

பியானோ ஆசிரியை செலஸ்தின் வயதில் அவருக்கு மகள் போன்றவர். ஆனாலும் இசை என்று வந்துவிட்டால் அந்தப் பெண்ணின் சொல்லே சவரிராயனுக்கு வேதவாக்கு.

“யாரோடு வழக்கு, ஐயா?”

“தணிகாசலத்தோடு. ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வருவான். ஆளுக்கொரு தட்டு தேடிப்பிடித்து, போட்டு ஒப்பிடுவோம். போன மாதம் அவன் இதைக் கொண்டுவந்தான். கேட்டால் தூக்கம் வருகிறது என்றேன். உன் காது கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தானா என்றும் கேட்டுவிட்டேன். தட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போனவன்தான். இன்னும் வரவில்லை.”

“உங்கள் தட்டுதான் சிறந்தது என்று நான் சொன்னால், அவர் வந்துவிடுவாரா?”

சவரிராயன் தன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

செலஸ்தின் முதலில் சவரிராயனின் தட்டைச் சுழலவிட்டார். சுரங்கள் ஓட்டுக்கூரையில் விழும் மழைபோல் துல்லியமாக உதிர்ந்தன.

“அற்புதம்,” என்றார்.

சவரிராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செலஸ்தின் மற்றதைக் கையில் எடுத்தார். “இதைக் கேட்டிருக்கிறீர்களா?”

“எத்தனையோ முறை. குறைகளை வரிசையாகச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். இன்று நீங்கள் எதிர்த்தரப்பு வக்கீல். இந்தத் தட்டுக்காக என்னிடம் வாதாடுங்கள்.”

“நான் கட்சி மாறியதே இல்லை, டீச்சர்.”

“ஃபீஸ் வாங்காமல் மாறினால் பாவமில்லை. ஆனால், மனம் ஒப்பாமல் ஒரு சொல் வந்தாலும் தட்டை நிறுத்திவிடுவேன்.”

முள் இறங்கியது.

சவரிராயன் முன்னால் சாய்ந்து கேட்டார். பழக்கதோஷத்தால் குறைதான் முதலில் நாவுக்கு வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“மெதுவாக வாசிக்கிறார்,” என்றார்.

“இது புகழ்ச்சியா?”

“இருங்கள். ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, அது முழுக்க அடங்கும்வரை காத்திருக்கிறார்.” கண்களை மூடினார். “அடுத்தது வராமலே போய்விடுமோ என்று பயமாயிருக்கிறது. வந்ததும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.”

தட்டு நிற்கவில்லை.

“அந்த இடது கையைக் கேளுங்கள். உறங்கும் குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற கை அது. இந்த மென்மைக்கு எத்தனை காலம் உழைத்தாரோ. இதைப் போய் நான்…”

பியானோ மட்டும் தொடர்ந்தது.

இசை ஓய்ந்ததும் செலஸ்தின் கேட்டார். “வாதம் முடிந்ததா?”

“இல்லை,” என்று எழுந்தார் சவரிராயன். “மீதியைத் தணிகாசலம் வீட்டு வாசலில் போய்ச் சொல்கிறேன்.”