கணவாயின் வெள்ளைப் பலகை

அந்தக் காலத்தில், கடலில் இருந்ததெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலை முள்பாறைக்கு அடியில் கூடியிருந்தவர்கள் இவ்வளவு பேர்: கிழட்டு ஆமை ஒன்று, நண்டு ஒன்று, கணவாய் ஒன்று, சாளை மீன்கள் நாற்பத்தொன்று. ஆக மொத்தம் நாற்பத்து நான்கு.

சாளைகள் தெற்கே போக வேண்டும். வழியில் எங்கெங்கே வலை விரித்திருக்கிறது, எங்கே திரும்பித் தப்ப வேண்டும் என்பது ஆமைக்குத்தான் தெரியும். ஆனால் சாளைகளுக்கு மறதி அதிகம். மூன்றாவது திருப்பத்தைச் சொல்லும்போதே முதலாவது மறந்துவிடும். எழுதித்தான் வாங்கிப் போக வேண்டும். கடலிலேயே மை வைத்திருந்தது கணவாய் மட்டும். அதன் மை அப்போது தண்ணீரில் கரையாது.

ஆமை ஏழு திருப்பங்களையும் சொல்லிவிட்டு, "நீரோட்டம் திரும்புவதற்குள் எழுதிக் கொடுத்துவிடு" என்று கூறி, முட்டையிடக் கரைக்குப் போய்விட்டது.

கணவாய் முதலில் சிப்பியில் எழுதியது. வழுக்கியது, வரி நேராக நிற்கவில்லை. தூக்கிப் போட்டது.

நண்டு சிரித்தது. "நான் பிறந்ததிலிருந்து மணலில்தான் எழுதுகிறேன். அழிந்தால் மறுபடி எழுது. இதற்கு ஏன் இத்தனை அலட்டல்?"

"இவர்கள் மணலைத் தூக்கிக்கொண்டா போவார்கள், நண்டண்ணே? உங்கள் கிறுக்கலுக்கு அது போதும்."

அடுத்து, கரையிலிருந்து மிதந்து வந்த பனையோலை. ஐந்து திருப்பங்கள் முத்துமுத்தாக விழுந்தன. ஆறாவதில் ஒரு கோடு கோணிவிட்டது. ஓலையில் அழித்துத் திருத்த வழியில்லை.

"அக்கா, அதையே கொடுங்கள். கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்வோம்" என்றது மூத்த சாளை.

"என் கையெழுத்து இப்படியா வெளியே போவது?" என்று கணவாய் ஓலையைக் கிழித்துப் போட்டது.

பிறகு தேடித் தேடி ஒரு வெள்ளைப் பலகையைக் கண்டுபிடித்தது. வழவழப்பு அளவானது, அழித்தாலும் தழும்பு விழாது, கனமே இல்லை. ஆசையாக மையைத் தொட்டபோது நீர் திரும்பிவிட்டது. நீரோட்டம் சாளைகளை இழுத்துக்கொண்டு போனது.

"வாயாலாவது சொல்லுங்களக்கா!"

கணவாய் பலகையை அணைத்தபடி கத்தியது. இரண்டு திருப்பங்கள்தான் அவர்களுக்குக் கேட்டன. மூன்றாவதில் வலை இருந்தது.

மறுநாள் சில சாளைகள் திரும்பி வந்தன. மூத்த சாளை அவற்றில் இல்லை. வந்தவற்றில் ஒன்றுகூடக் கணவாயைத் திட்டவில்லை. ஒரு பொடிச் சாளை மட்டும் கேட்டது: "அக்கா, எழுதி முடித்துவிட்டீர்களா?"

கணவாய் சிவந்தது, கறுத்தது, வெளுத்தது. யார் கண்ணிலும் படாதபடி பலகையை உடம்புக்குள் ஒளித்துக்கொண்டது. இருந்த மையையெல்லாம் முகத்துக்கு முன்னால் கொட்டிவிட்டு, பின்வாக்கிலேயே ஓடிப்போனது.

அன்று முதல்தான் கணவாய் யாரைக் கண்டாலும் நிறம் மாறுகிறது, மையைக் கரையவிட்டு ஓடுகிறது. அது செத்த பிறகு, கணவாய் ஓடு என்கிறோமே, அந்தப் பலகை மட்டும் கரையொதுங்கும். எடுத்துத் திருப்பிப் பாருங்கள், ஓர் எழுத்தும் இருக்காது. போன சாளைகள் நாற்பத்தொன்று. மிச்சம் ஒன்பது.