இருமினால் கோட்டைக்கு வெளியே

முன்னொரு காலத்தில் கருவேலி நாட்டைக் கோதண்டராயன் என்று ஓர் அரசன் ஆண்டுவந்தான். வாள் எடுத்தால் எமனுக்கும் அஞ்சமாட்டான். ஆனால் அந்த வருஷம் ஊருக்குள் விஷக்காய்ச்சல் புகுந்ததும் ஆள் அடியோடு மாறிப்போனான். முதலில் இருமல், பிறகு காய்ச்சல், பிறகு மூச்சுத்திணறல். வெட்ட முடியாத எதிரியை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அரண்மனைச் சன்னல்களை எல்லாம் அடைக்கச் சொன்னான். சோறு வந்தால், 'கொண்டுவந்தவன் மூக்கைத் துடைத்தானோ?' என்று சந்தேகம். துணி வந்தால், 'வெளுத்தவன் வீட்டில் யார் படுத்திருக்கிறார்களோ?' என்று சந்தேகம். பொழுதுக்கும் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பான்.

அந்த அறைக்குள் போய்வர ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அவர் உலகுடையார் என்ற அரசவைப் பிரமுகர். மார்பு நிறையச் சந்தனமும் வாய் நிறைய வெற்றிலையுமாக வந்து அரசன் காதோரம் குனிவார்.

"மகாராஜா, குதிரை லாயத்தில் ஒருவன் இருமினானாம்."

"யார் சொன்னது?"

"ஊரே பேசுகிறது. கிழக்குத் தெருக்காரர்கள் கிணற்றில் எதையோ கலக்கிறார்களாம்."

ஒவ்வொரு 'ஆம்'மும் அரசன் மனத்துக்குள் குட்டி போட்டது. கடைசியில் தண்டோரா போடச் சொன்னான்: "இருமுகிறவன் யாரானாலும் குடும்பத்தோடு கோட்டைக்கு வெளியே!"

அதோடு ஊரில் ஓர் இருமல் சத்தம் இல்லை. "எல்லாம் அடியேன் யோசனை!" என்று உலகுடையார் மார்தட்டினார். அரசனுக்கோ அந்த அமைதியே சந்தேகமாக இருந்தது. சன்னல் இடுக்கில் பார்த்தால் சுடுகாட்டுப் புகை மட்டும் ஓயவே இல்லை.

அமைச்சர் திருவேகம்பர் மகா புத்திசாலி. அவருடைய பதவிமேல் உலகுடையாருக்கு நெடுநாளாக ஒரு கண். ஒருநாள் உலகுடையார் மூச்சிரைக்க வந்தார்.

"மோசம் போனோம், மகாராஜா! மந்திரி தன் மாந்தோப்பில் நோயாளிகளை ஒளித்துவைத்திருக்கிறார். சமயம் பார்த்து அரண்மனைக்குள் அவிழ்த்துவிடத்தான்!"

அரசன் தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்து நம்பிய மனிதர். இவருமா? உடனே சபையைக் கூட்டினான்.

சபையோர் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி எட்டி எட்டி நின்றார்கள். திருவேகம்பர் மேல்துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"உம் தோப்பில் நோயாளிகள் இருப்பது உண்மையா?"

"உண்மை, மகாராஜா. காற்றோட்டமாகக் கட்டில் போட்டுக் கஞ்சி கொடுக்கிறேன். பாதிப் பேர் தேறிவிட்டார்கள்."

"ஒப்புக்கொண்டார்! ஒப்புக்கொண்டார்!" என்று உலகுடையார் துள்ளினார்.

"தண்டனையை ஏற்கிறேன். அதற்கு முன் ஒன்று. மகாராஜாவின் முகம் வாடிக் கிடக்கிறது, ஊர்க்கண் பட்டிருக்கும். திருஷ்டி கழித்துவிட்டுப் போகிறேனே?"

தன்மேல் ஏதோ இருக்கிறது என்றுதான் அரசனும் நினைத்துக்கொண்டிருந்தான். சரி என்றான். தணல் சட்டி வந்தது. திருவேகம்பர் கை நிறைய வரமிளகாயை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே அரசனுக்குச் சுற்றித் தணலில் கொட்டினார்.

"கண்ணேறு இருந்தால் நெடி வராது என்பார்கள். பார்ப்போம்."

நெடி வந்தது. எப்படி வந்தது! அடைத்த மண்டபம் வேறு. காவலர்கள் கண்ணில் நீர் கொட்டியது. தளபதி மீசையைக் கடித்தார். அவைப்புலவர் கன்னத்தை உப்பிக்கொண்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இருமினால் வீடு வாசல் போச்சே! அரசன் தொண்டையிலும் பூரான் ஊர்ந்தது. அடக்கினான், அடக்கினான்...

"லொக்!"

முதல் இருமல் சிம்மாசனத்திலிருந்து வந்தது. பிறகென்ன, சபையே இருமித் தீர்த்தது.

"சன்னல்களைத் திறங்கள்!" என்றார் திருவேகம்பர். காற்று வந்தது, நெடி போனது, சபை அடங்கியது. "மகாராஜா, இப்போது யார் யாரைத் துரத்துவது?"

அரசன் வாயெடுப்பதற்குள் மறுபடி ஓர் இருமல். ஒருவர் மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. உலகுடையார்! வெற்றிலைச் சாறு சிதற, தூணைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளாய்?" என்று கேட்டான் அரசன்.

"நாலைந்து நாளாய்... சொன்னால் பெண்டாட்டி பிள்ளையோடு துரத்துவீர்களே! வெற்றிலைக்குள் சுக்கும் அதிமதுரமும் வைத்து அடக்கினேன்."

அரசன் தன் காதைத் தடவிப் பார்த்தான். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டான், தினமும் அந்தக் காதில் மூச்சு விட்டவரைச் சந்தேகப்படவில்லை. "துரத்துங்கள் இவரை!" என்று கத்தினான்.

"வேண்டாம், மகாராஜா. இவரைத் துரத்தினால் அடுத்தவர் இன்னும் சாமர்த்தியமாக ஒளிப்பார். தோப்பில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, கொடுங்கள். நீங்களும் சன்னலைத் திறந்துவையுங்கள். ஊர்ச் செய்தியை நாளுக்கு ஒருமுறை, கண்ணால் பார்த்தவன் வாயால் மட்டும் கேளுங்கள். மிச்சப் பொழுதுக்குச் சன்னலுக்கு வெளியே மொட்டைமாடியில் ஓர் ஆளை உட்காரவைத்துத் தாயம் ஆடுங்கள்."

அரசன் தலைகுனிந்தான். முத்துமாலையைக் கழற்றிப் படியில் வைத்தான். "கையில் தரமாட்டேன், மந்திரியாரே. நானும் இப்போது சந்தேகத்துக்கு உரியவன்தான். வெந்நீரில் அலசிப் போட்டுக்கொள்ளும்."

புதுத் தண்டோரா போனது: இருமுகிறவர் தோப்புக்கு வரலாம், குடும்பத்துக்கு அரண்மனை நெல் உண்டு என்று. ஊர் நம்பவில்லை. 'ஆளைப் பிடிக்கத் தந்திரம்' என்று தாழ்ப்பாளை இன்னும் இறுக்கினார்கள்.

சில நாளில் அரசனுக்கே காய்ச்சல் கண்டது. அவன் மறைக்கவில்லை. பட்டப்பகலில் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு, ராஜவீதி வழியாகத் தனியே நடந்து தோப்புக்குப் போனான். கதவிடுக்குகளில் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அரசன் கயிற்றுக்கட்டிலில் படுத்த பிறகுதான் ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று.

அடுத்த கட்டிலில் உலகுடையார். பழக்கதோஷம், குரலைத் தாழ்த்தினார்: "மகாராஜா, அந்தக் கஞ்சிக்காரி பார்வையே சரியில்லையாம்..."

"நீர் பார்த்தீரா?"

"இல்லை, கேள்வி."

"அப்படியானால் பேசாமல் குடியும்!"

மழை விழுந்ததும் காய்ச்சல் நாட்டைவிட்டுப் போனது. இருவரும் பிழைத்தார்கள். மந்திரி பதவி திருவேகம்பரிடமே இருந்தது. உலகுடையாருக்கும் ஒரு பதவி கிடைத்தது: தோப்பில் கடைசி நோயாளி எழுந்து போகும்வரை கஞ்சி ஊற்றவேண்டும். ஊற்றும்போது யார் காதிலும் குனியக்கூடாது என்பது அரச கட்டளை.