அஞ்சலை கொண்டுவந்த சக்கை

இதை எனக்கு முதலில் சொன்னவள் லோகாம்பாள். என் மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்த மறு வாரம், மலேசியாவில் ஈப்போ மாரியம்மன் கோவிலில் இரண்டு பேரும் பூ கட்டிக்கொண்டிருந்தோம். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

அந்த ஊரில் ஓங் என்று ஒரு சின்சே இருந்தார். சீன வைத்தியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழ் ஜனங்களோடு பழகி நன்றாகத் தமிழ் பேசுவார். திருச்செல்வம் அவரிடம் ஒன்பது வருஷமாகச் சீடன். நாற்பது தாண்டியவன்.

அவனுக்கு ஒரே அக்கா, அஞ்சலை. ஜாக்கெட் தைத்துத் தம்பியை ஆளாக்கியவள். அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிச் சிவந்தது. சின்சே நாடி பார்த்து, வீக்கம் தணியப் பதினைந்து நாள் மருந்து எழுதினார்.

"இறங்கலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ," என்று திருச்செல்வத்திடம் சொன்னார்.

கஷாயம் காய்ச்சின சக்கையைக் கொண்டுவந்து சின்சேயிடம் காட்டுவது அவர் மருந்துக்கடை வழக்கம். "நானே காட்டிக்கிறேன்க்கா," என்று திருச்செல்வம் வாங்கிப்போய் வழியில் கொட்டிவிடுவான். மருந்தையும் அவனே கட்டிக்கொண்டு போவான். அக்கா எப்படி என்று சின்சே கேட்டால், தேவலாம் என்பான்; அப்படியானால் அதே மருந்தைத் தொடரட்டும் என்பார் அவர். இப்படியே மூன்று மாதம் ஓடியது.

ஒரு காலையில் அஞ்சலையே பழைய பேப்பரில் சக்கையை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

"உங்க கசப்பைக் குடிச்சுக் குடிச்சு என் நாக்கே பாகற்காய் ஆயிடுச்சு சின்சே. வீக்கம் மட்டும் போகமாட்டேங்குது. இவனைக் கேட்டா பொறு பொறுங்கிறான். பெரிய வைத்தியரு."

சின்சே சிரித்து, அவளை உட்காரவைத்து, டீ கொடுத்தார். சக்கையை உள்ளே எடுத்துப் போய்ப் பிரித்தார்.

"செல்வம், நான் எழுதினதை ஒரு பக்கம் ஒதுக்கு."

ஒதுக்கினான். மறுபக்கம் ஒரு கைப்பிடி மஞ்சள் நிற வேர்ச் சீவல் மிஞ்சியது. ஜனங்கள் பலத்துக்கென்று கோழி சூப்பில் போட வாங்குவது.

"இது?"

"எதிர்ப்புச் சக்தி கூட்டுற வேர்தானே சின்சே. அக்கா இளைச்சுக்கிட்டே போனாங்க. பலம் வந்தா நோய் தானா ஓடிடும்னு சேர்த்தேன்."

"அவங்க உடம்பு யாரோட சண்டை போடுது?"

"நோயோட."

"வெளியிலேர்ந்து யாரும் வரலை. அவங்க உடம்பே அவங்க மூட்டைக் கடிக்குது. நீ யாருக்குப் பலம் கொடுத்தே?"

"நல்லதுன்னுதான் கொடுத்தேன். ரொம்பக் கெட்டுப்போச்சா சின்சே?" என்றான்.

சின்சே திரையை விலக்கினார். வெளியே அஞ்சலை டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி, தலையைத் தாழ்த்திக் குடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

தினமும் அந்தக் கையால்தான் அவனுக்குச் சோறு போட்டாள்.

"மூணு மாசம் நான் உன் பேச்சைக் கேட்டேன். அவங்க கையைப் பார்க்கலை. அது என் தப்பு," என்றார் சின்சே.

"மாத்து மருந்து எழுதுங்க சின்சே."

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீக்கத்தை அங்கே அடக்குவாங்க. சாய்ஞ்ச விரலை நிமிர்த்த என்கிட்ட வேர் இல்லை."

"அக்கா மறுபடி தையல் ஊசி பிடிப்பாங்களா?"

"தெரியாது."

சின்சே ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினார். "நீ சேர்த்த வேர், அளவு, எத்தனை நாள், எல்லாத்தையும் எழுது. கீழே உன் பேரைப் போடு. டாக்டர் கேட்பாங்க."

திருச்செல்வம் கற்றுக்கொண்ட சீன எழுத்தில் ஆரம்பித்தான். சின்சே தாளின்மேல் கை வைத்தார்.

"தமிழ்ல எழுது. முதல்ல உன் அக்கா படிக்கட்டும்."

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒன்றே ஒன்று: அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, வீட்டில் காய்ச்சிக் குடிப்பது எதுவானாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.