ராஜாவின் கன்னத்துப் பொட்டு

பூவாயி தன் புருஷனைக் கடைசியா உயிரோட பார்த்தப்ப, அவன் குடிச்ச கூழைப் பாதியில வச்சிட்டு, "அடடா, பொட்டு வைக்காம இறங்கிட்டேனே"ன்னு சொல்லிக்கிட்டே திரும்பவும் சாரத்துல ஏறினான். இதை முதல்லயே சொல்லிடணும். இல்லாட்டி இந்தக் கதையில அவ ஏன் அப்படிப் பிடிவாதம் பிடிச்சான்னு உங்களுக்குப் புரியாது.

ஒரு காலத்துல, ஆத்தங்கரையில ஒரு கோட்டை ஊர் இருந்துச்சு, அந்த ஊர்ல பூவாயியும் அவ புருஷன் சடையனும் இருந்தாங்க. சுவர்ல சித்திரம் எழுதறதுதான் பிழைப்பு. அவன் கோடு போடுவான், அவ காவியும் மஞ்சளும் அரைச்சு நிறம் ஏத்துவா. எந்தப் படத்தை முடிச்சாலும் கடைசியா கரியைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பாங்க. கண்ணு படக் கூடாதுன்னு சின்னப் புள்ளை கன்னத்துல வைக்கிறோம்ல, அதே பொட்டுதான். அன்னிக்குச் சத்திரத்துச் சுவர்ல யானை ரொம்ப அழகா வந்துடுச்சு. அதுக்குப் பொட்டு வைக்கத்தான் சடையன் ஏறினான், மழையில நனைஞ்ச மூங்கில் வழுக்கிடுச்சு, அவ்வளவுதான். பொட்டு வைக்கப் போனதால செத்தானா, பொட்டு வைக்காம விட்டதால செத்தானான்னு ஊரே குழம்பிச்சு. பூவாயி மட்டும் குழம்பல. "விட்டதாலதான்"னு சொல்லிட்டு, அவளே சாரத்துல ஏறி அந்த யானைக்குப் பொட்டை வச்சா. அப்புறம்தான் இறங்கி வந்து அழுதா.

அந்தச் சீமைக்கு ஒரு ராஜா. நல்ல ராஜாதான், ஆனா அவர் முகம் யாருக்கும் ஞாபகத்துல நிக்காது. கிரீடம் இருந்தா கும்பிடுவாங்க, கழட்டினா "யாருப்பா நீ"ம்பாங்க. அவருக்கு அது பெரிய மனக்குறை. அரண்மனை மணியக்காரன் அழகிரியைக் கூப்பிட்டு, "என் முகத்தை ஊர்ச் சுவர்ல எல்லாம் எழுதி வைக்கணும்"னாரு. அழகிரி போய்ப் பூவாயியைக் கூட்டிட்டு வந்தான். இந்த அழகிரி இருக்கானே, அவனும் ராஜா உயரம், ராஜா மீசை, ராஜா தொப்பை. அதைக் கவனிச்சுக்குங்க.

பூவாயி ஏழு நாள் ராஜா முகத்தையே பார்த்தா, அப்புறம் மூணு இடத்துல எழுதினா. சந்தையில ஒண்ணு, கோட்டை வாசல்ல ஒண்ணு, அரண்மனை முற்றத்துல ஒண்ணு. மூணுலயும் இடது கன்னத்துல கரிப்பொட்டு வச்சா.

விடிஞ்சதும் ராஜா அழகிரியை மட்டும் கூட்டிக்கிட்டு முற்றத்துக்குப் பார்க்க வந்தாரு.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கன்னத்துல என்ன ஈயா?"

"ஈ இல்ல மவராசா, திருஷ்டிப் பொட்டு."

"என் கன்னத்துல ஏது பொட்டு? அழி."

"மாட்டேன் மவராசா."

"ராஜா சொல்றேன், அழி!"

"அழிச்சா உங்க உயிருக்கு யார் பொறுப்பு? ஒருத்தரை வாரிக் குடுத்தது போதும்."

ராஜாவுக்குக் கோபம்னா கோபம். "மூணு நாள் தர்றேன். மூணு பொட்டையும் அழிக்கணும். இல்லேன்னா எழுதின கையை எடுத்துடுவேன்"னுட்டுப் போயிட்டாரு. பூவாயி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே வீட்டுக்குப் போனா. அந்தக் கை இல்லேன்னா அவளுக்கு அடுப்பு எரியாது.

அப்புறம் என்னாச்சு, மூணாம் நாள் காலையில ராஜா ஆத்துக்குக் குளிக்கப் போனாரு. கிரீடத்தையும் பட்டு வேட்டியையும் கரையில அழகிரிகிட்ட குடுத்துட்டு முங்க ஆரம்பிச்சாரு. முதல் முங்குல அழகிரி பட்டு வேட்டியைக் கட்டிக்கிட்டான், ரெண்டாவது முங்குல கிரீடத்தை வச்சுக்கிட்டான், மூணாவது முங்குல ஆளையே காணோம். நேரா சந்தைக்குப் போனான், படத்துக்கு எதிர்ல நின்னு பொட்டு எந்தப் பக்கம்னு பார்த்தான், அதே பக்கம் தன் கன்னத்துல கரியை அப்பிக்கிட்டான். கோட்டை வாசல் காவக்காரன் படத்தைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், கும்பிட்டு வழி விட்டான்.

பின்னாலயே ராஜா கோவணத்தோட ஓடி வந்தாரு.

"கதவைத் திறடா, நான் ராஜா!"

"ராஜாவுக்குக் கன்னத்துல பொட்டு இருக்கு. உனக்கு எங்க?"

"அது அந்தச் சித்திரக்காரி வச்சதுடா!"

"அப்ப உனக்கும் வைக்கச் சொல்லுய்யா, போ!"

சந்தைக்கு ஓடினாரு. வெத்தலைக்காரி படத்தைப் பார்த்துட்டு, "பொட்டு எங்க சாமி, ஆத்தோட போச்சா?"ன்னு கேட்டா. அரண்மனைப் பின்கதவுப் பக்கம் ஓடினாரு. ராணியே எட்டிப் பார்த்தா. "நம்ம ராஜா மாதிரிதான் தெரியுது. ஆனா கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் கிரீடத்தைத்தானே பார்த்திருக்கேன்? எதுக்கும் பொட்டு இருக்கிறவரே இருக்கட்டும்"னு கதவைச் சாத்திட்டா. சிரிக்காதீங்க. அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. குட்டைத் தண்ணியில முகத்தைப் பார்த்து, "நீ யாரு?"ன்னு கேட்டாரு. தண்ணிக்குள்ள இருந்த ஆளும் முழிச்சான்.

கடைசியா பூவாயி வீட்டுக்குப் போனாரு. "ஏழு நாள் என் முகத்தைப் பார்த்தியே தாயி, நான் யாரு?"

அவ பக்கத்துல வந்து பார்த்தா. "இடது புருவம் மேல ஏறியிருக்கு, மூக்கு நுனியில வெட்டு. ராஜாதான்."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதாரு. "அந்தப் பொட்டை அழிச்சுடு தாயி. அழிச்சா நான் ராஜா ஆயிடுவேன், உன் கையும் தப்பிக்கும்."

"அழிக்கிற பேச்சே வேணாம். இப்படித் திரும்புங்க"ன்னு, அடுப்புக் கரியைத் தொட்டு அவர் இடது கன்னத்துல ஒண்ணு வச்சா.

அதுக்குள்ள வாசல்ல ஆளுங்க வந்துட்டாங்க. "பூவாயி, கையை எடுக்க உத்தரவு. ராஜாவோட பிறவிப் பொட்டை நீ பெருசா எழுதிக் கேலி பண்ணிட்டியாம்." அழகிரிக்குப் பயம். முகம் பார்த்து எழுதத் தெரிஞ்ச ஒரே கை அது. அந்தக் கை போயிட்டா பொட்டு இல்லாத வேற படம் வராதுல்ல?

பூவாயி கோவண ராஜாவையும் கூட்டிக்கிட்டு அந்த ஆளுங்களோட அரண்மனை முற்றத்துக்கு வந்தா. சபை வாயைப் பிளந்துச்சு. பொட்டு வச்ச ராஜா ரெண்டு!

பூவாயி கேட்டா, "கிரீடம் வச்சவரே, உங்களுக்குப் பொட்டு யார் வச்சது?"

"யார் வைக்கணும்? எனக்குப் பிறவியிலேயே இருக்கு!"

"சரி. ரெண்டு பேரும் படத்துக்கு ரெண்டு பக்கம், சுவர்ல முதுகு ஒட்டி எங்களைப் பார்த்து நில்லுங்க."

நின்னாங்க. சபை படத்தைப் பார்த்துச்சு, இவரைப் பார்த்துச்சு, அவரைப் பார்த்துச்சு. கோவணக்காரர் பொட்டு படத்துல இருக்கிற பக்கம் இருக்கு, கிரீடக்காரன் பொட்டு எதிர்ப்பக்கம் இருக்கு.

மந்திரி கேட்டாரு, "நமக்கு வலது பக்கம் தெரியறது அவருக்கு இடதா?"

"சோத்துக்கைப் பக்கம் வலது, மந்திரி"ன்னு சபையில யாரோ சொன்னாங்க.

"நான் இடது கையால சாப்பிடறவன்யா!"

ஒருத்தன் எழுந்து சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டி நின்னு பார்த்தான், அப்புறம் இன்னொருத்தன், அப்புறம் சபை மொத்தமும் முன்னும் பின்னும் திரும்பிக்கிட்டே நின்னுச்சு. பூவாயி பொறுமையா இருந்து, எல்லாரும் ஓஞ்ச பிறகு சொன்னா: "எதிர்ல நின்னு படத்தைப் பார்த்து வச்சுக்கிட்டா, பொட்டு கன்னம் மாறிடும். நாங்க தொழில் பழகும்போது முதல்ல பண்ற தப்பு இதுதான். இவருக்கு நான் வச்சேன், என் வீட்டுக் கரி, ஒத்துக்கறேன். அவருக்குப் பிறவியில வந்ததாம். பிறவியில வந்தது கன்னம் மாறுமா?"

அழகிரி அவசரமா கன்னத்தைத் தடவினான். தடவினதுல கரி மீசை வரைக்கும் ஈஷிக்கிச்சு. அப்புறம் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்ல.

கிரீடம் திரும்பி வந்துச்சு. அப்ப அரண்மனைக்குப் புதுசா ஒரு மாடி எழும்பிக்கிட்டு இருந்துச்சு. கட்டுற கட்டடத்துக்குத் திருஷ்டி பொம்மை வேணும்ல? "பொட்டு மேல ஆசைப்பட்டான், முகம் பூரா பூசு"ன்னு ராஜா சொல்ல, அழகிரிக்குச் சுண்ணாம்பும் கரியும் அடிச்சு, கோரைப்பல் எழுதி, கையை விரிச்சபடி சாரத்து உச்சியில நிறுத்தினாங்க. மாடி முடியற வரைக்கும் வெயில்ல நின்னான், காக்கா வந்து தலையில உட்கார்ந்துச்சு.

ராஜா பூவாயிகிட்ட, "உன் கையும் இருக்கட்டும், பொட்டும் இருக்கட்டும்"னாரு. "சொன்னது மாறாதே மவராசா?"ன்னு மூணு தடவை கேட்டு வாங்கிக்கிட்டுத்தான் அவ வீட்டுக்குப் போனா.

அடுத்தவன் முகத்தைப் பூசிக்கிட்டவனுக்குத் தன் முகமும் தங்கல. கதை கரையேறிடுச்சு, நீங்க கண்ணை மூடுங்க.

அந்தக் கோட்டையில இப்ப வடக்குச் சுவர் ஒண்ணுதான் நிக்குது. மழையில படமெல்லாம் போயிடுச்சு, சுண்ணாம்பு மட்டும் இருக்கு.