கசியாத குழாயும் சிங்கத்தின் சுனையும்

கோடை முழுக்க மண்ணுக்குள் அடங்கிக் கிடந்த குளத்து உயிர்கள் முதல் மழைக்கு வெளியே வந்தன. குஞ்சுகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்த செங்காலி நண்டின் வளை வாசலில் ஒரு முளைக்குச்சி நின்றது. கரை நெடுக அப்படித்தான், வரிசையாகக் குச்சிகள்!

அக்கரையில் யானைகள் இரும்புக் குழாய்களை உருட்டி வந்துகொண்டிருந்தன. கிழக்கு மலையில் ஊறும் கச்சா எண்ணெயை மேற்குக் காட்டுக்குக் கொண்டுபோக, குளத்தின் அடியில் குழாய் பதிக்கப் போகிறார்களாம்; அந்தப் பாதையைக் குறிக்கத்தான் இந்தக் குச்சிகள். ஏற்பாடு மினுக்கன் நரியுடையது. எண்ணெய் கசிந்தால் குளத்தில் ஒரு குஞ்சு மிஞ்சாது.

செங்காலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரையில் வேலையை மேற்பார்த்து நின்ற நரியிடம் போய்க் கேட்டது: "யாரைக் கேட்டு இங்கே குச்சி அடித்தாய்?"

"உங்களைக் கேட்டுத்தான்" என்றது நரி. "சித்திரையில் இதே கரையில் நின்று, ஆட்சேபம் உண்டா என்று உரக்கக் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று அரசரிடம் சொல்லிவிட்டேன்."

சித்திரையில் குளத்தில் ஏது தண்ணீர்? நண்டும் தவளையும் மண்ணுக்கடியில் தூங்கும் காலம் அது என்று நேற்றுப் பிறந்த குட்டிக்கும் தெரியும். நரிக்கு மட்டும் தெரியாதாம்! தூங்குகிறவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறது, அயோக்கிய நரி.

செங்காலி சிங்கராஜாவின் சபைக்குக் கிளம்பியது. குளமே அதன் பின்னால் போனது. வழியெல்லாம் நேராக வந்த குச்சி வரிசை, சிங்கத்தின் சுனை அருகே மட்டும் வளைந்து ஒதுங்கியிருந்தது. செங்காலி அதைப் பார்த்து வைத்துக்கொண்டது.

சபையில் நரி முந்திக்கொண்டு அளந்தது. குழாய் பலமானதாம், ஒரு சொட்டுக்கூடக் கசியாதாம். சிங்கமும் தலையாட்டியது.

செங்காலி நரியிடம் பேசவே இல்லை. "அரசே, உங்கள் சுனைக்கு அடியில் போனால் பாதை நேர். சுற்றி வளைத்து எங்கள் குளத்துக்கு ஏன் வர வேண்டும்? கசியாத குழாய்தானே, சுனையிலேயே பதிக்கட்டும்."

சிங்கம் துள்ளி எழுந்தது. "என் சுனையிலா? என் குட்டிகள் குடிக்கிற தண்ணீர் அது!"

செங்காலி தன் வயிற்று மடிப்பைத் திறந்து குஞ்சுகளைக் காட்டியது.

"இவர்கள் எதைக் குடிப்பார்கள், அரசே?"

சிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் குழாய்களோடு சபையோரம் வந்து நின்ற யானைகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. அவையும் அந்தக் குளத்தில் குடித்துக் குளித்து வளர்ந்தவை. பெரிய யானை துதிக்கையிலிருந்த குழாயை நரியின் காலடியில் போட்டது. "இனி நீயே உருட்டிக்கொள்" என்று சொல்லிவிட்டு நடந்தது. மற்ற யானைகளும் போய்விட்டன. நரி தள்ளிப் பார்த்தது, குழாய் அசையவில்லை.

செங்காலி வீடு திரும்பியதும் முதல் வேலையாக அந்த முளைக்குச்சியைக் கொடுக்கால் நறுக்கி எறிந்தது.

ஆபத்தே இல்லை என்று சாதிப்பவர் அதைத் தம் வாசலில் வைக்கச் சம்மதிக்காவிட்டால், அவர் பேச்சை நம்பி நம் வாசலைத் திறந்துவிடக் கூடாது.