பின்பக்கத்து வலது பல்ப்

மடத்து வேனில் பின்பக்கத்து வலது இண்டிகேட்டர் பல்ப் அன்றைக்குக் காலையிலும் எரியவில்லை.

செங்கோடனுக்கு அதைப் பார்த்துக் கோபம்கூட வரவில்லை. படவேண்டிய கோபத்தையெல்லாம் அவர் எப்போதோ பட்டு முடித்திருந்தார். பல்பை மாற்றுவார், எரியும். சிலது ஒரு வாரம் தாங்கும். சிலது போட்ட மறுநாள் காலையில் வண்டியை எடுக்கப் போனால் செத்துக் கிடக்கும். வருசக்கணக்காக இதே கதைதான்.

நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே ஒரு கரட்டுக் குன்றின் அடியில் இருக்கிறது அந்தச் சின்ன மடம். எல்லோரும் அம்மா என்று கூப்பிடும் மரகதம்மாள் அதை நடத்திவந்தார். உபதேசம் கிபதேசம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வார், அதுவும் பாதி நாள் சொல்லமாட்டார். செங்கோடன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அம்மாவைவிட வயதில் மூத்தவர். பெண்சாதி போனபிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

"எனக்கு ஒரு மந்திரம் சொல்லிக் குடுங்கம்மா" என்று முதல் நாள் கேட்டதற்கு அம்மா வேன் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சுற்றுப்பட்ட ஊர்களில் கிட்னி கெட்டுப்போனவர்களை ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். டயாலிசிஸ் முடிகிறவரை காத்திருந்து, திரும்ப அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். அதுதான் மந்திரம். செங்கோடன் அதை ஒரு நாள் விடாமல் ஜெபித்துவந்தார்.

அந்த பல்ப்பு விசயத்தில் அவர் செய்யாதது ஒன்றுமில்லை. ஹோல்டரை மாற்றினார். ரிலேயை மாற்றினார். எலக்ட்ரீசியன் வயரையெல்லாம் உருவிப் போட்டுப் பார்த்துவிட்டு, "எர்த் சரியில்லீங்க" என்றார். எர்த்தைச் சரிபண்ணியும் பல்ப் போயிற்று. எலி வேலை என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின, பின்னால் பல்ப் போய்க்கொண்டே இருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இவர் தலையைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் பல்பை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார்.

"ஏனுங்க, மடத்துல பல்ப்புக்குமா மோட்சம் குடுக்கறீங்க?" என்பார்.

ஆரம்பத்தில் செங்கோடனும் சேர்ந்து சிரித்ததுண்டு. இப்போதெல்லாம் பல்பை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிடுவார்.

அன்றைக்குக் காலையிலும் மாற்று பல்ப் டேஷ்போர்டில் இருந்தது. ஆனால் வேனுக்குள் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கிழவிக்குக் கால் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். அதுதான் தப்பாய்ப் போயிற்று.

பைபாசில் வலதுபக்கம் திரும்பும் இடத்தில் இண்டிகேட்டரைப் போட்டார். ஒரு பல்ப் செத்திருந்தால் அந்த டிக் டிக் சத்தம் அவசர அவசரமாக அடித்துக்கொள்ளும். அது அடித்துக்கொண்டதை அவர் காது கேட்டது. கையை வெளியே நீட்டிக் காட்டியிருக்கலாம். நீட்டவில்லை. கை அசதியாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். வண்டியைத் திருப்பினார். பின்னால் ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் வேனை முந்த வலதுபக்கம் ஏறியிருந்தாள். பிரேக் பிடித்தாள், வண்டி சரிந்தது. ஸ்கூட்டியில் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு வந்த குழந்தை தார்ரோட்டில் உருண்டது.

சாயங்காலம் அத்தனை பேரையும் வீடு சேர்த்துவிட்டு செங்கோடன் மடத்துக்குத் திரும்பினார். கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாக, நாலு பக்க இண்டிகேட்டரையும் எரியவிட்டு வண்டியை நிறுத்தினார். எப்போதும் அங்கேதான் நிறுத்துவார். அதற்கு ஒரு காரணம் உண்டு.

முன்பொரு தடவை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், நாச்சிமுத்து என்ற பெரியவர் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். ஊர் வந்து கதவைத் திறந்தபிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு செங்கோடனுக்கு வேனை அப்படியே மடத்துக்குள் ஓட்டிப்போக மனம் ஒப்பவில்லை. கேட்டுப் பக்கத்துத் தொட்டியில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு, மஞ்சளைக் கரைத்து, வண்டியைச் சுற்றி ஊற்றிவிட்டு உள்ளே எடுத்துப்போனார். அது பழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரி போய்வரும் ஒவ்வொரு சாயங்காலமும் மஞ்சள் தண்ணீர். வேனில் போய்வந்தவர்களில் இன்னும் சிலர் அவரவர் வீட்டில் செத்துப்போனார்கள். தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் பெயரையெல்லாம் சொல்வார். வண்டியைச் சுற்றிவந்து பின்பக்கத்து வலது மூலையில் நின்று, கடைசிப் பெயரைச் சொல்லி, சொம்பில் மிச்சமிருப்பதைக் கவிழ்ப்பார். உள்ளே ஏறியதும் முதல் வேலையாக இண்டிகேட்டரை அணைப்பார். நாளெல்லாம் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தமே அவருக்கு ஆகாது.

அம்மா கேட்டருகில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். செங்கோடன் இறங்கிவந்து எதிரே நின்றார்.

"அம்மா, நான் கெளம்பறனுங்க."

"எங்கீங்கண்ணா?"

"மகன் வீட்டுக்கு. இனி என்னால முடியாதுங்க. வேற ஆளப் பாத்துக்குங்க."

அம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தார். செங்கோடனே காலையில் நடந்ததைச் சொன்னார். பல்ப் போயிருந்தது தெரிந்தும் வண்டியை எடுத்ததை மறைக்காமல் சொன்னார்.

"கொழந்தைக்கு?"

"முட்டி சிராய்ச்சிருச்சுங்க. மேல ஒண்ணுமில்ல. பின்னால வந்த லாரிக்காரன் நல்லவன், நின்னுட்டான்."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமே சொல்லலீங்கம்மா. கொழந்தையோட ஒத்தச் செருப்பக் காணம்னு ரோட்டுல தேடிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு அறை அறைஞ்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்."

"பல்ப்பு?"

"ஆஸ்பத்திரிக்குப் போனதும் மாத்திட்டனுங்க. கொழந்த நெனப்புலயேதான் மாத்துனேன். இப்ப எரியுது. நாளைக்குப் போயிரும். எத்தன மாத்தியாச்சு! பஸ் ஓட்டுன காலத்துல ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்துனதில்லீங்க நானு. இங்க வந்து புண்ணியம் பண்றேன்னு பண்றேன். ஏத்திக்கிட்டுப் போறவங்க ஒவ்வொருத்தரா சாகறாங்க. போடற பல்ப்பு ஒவ்வொண்ணா சாகுது. எனக்கு மட்டும் ஏனுங்கம்மா இப்படி?"

அழுகை வந்தது, அதை அடக்கவும் அவருக்குத் தெம்பு இல்லை.

அம்மா கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"தண்ணி ஊத்தலீங்களா இன்னைக்கு?"

"கை வரலீங்க."

"அப்ப நான் ஊத்தறேன். பேர நீங்க சொல்லுங்க."

அவரே தொட்டியில் தண்ணீர் மொண்டார். கேட்டுச் சுவர் மாடத்திலிருந்த மஞ்சளை எடுத்துக் கரைத்தார். செங்கோடன் வேறு வழியில்லாமல் பக்கத்தில் வந்து நின்று கைகூப்பினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"மூடாதீங்கண்ணா."

"ஏனுங்க?"

"எங்கெங்க ஊத்தோணும்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லோணும்."

செங்கோடன் கண்ணைத் திறந்தார். "நாச்சிமுத்து" என்றார். அம்மா முன்சக்கரத்தில் ஊற்றினார். அடுத்த பெயரைச் சொன்னார். பக்கத்துக் கதவில் ஊற்றினார். கண்ணைத் திறந்துகொண்டு அந்தப் பெயர்களைச் சொல்வது அவருக்குப் புதிதாகவும் கஷ்டமாகவும் இருந்தது. பெயருக்கு உரியவர்கள் உட்கார்ந்த சீட்டெல்லாம் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பின்பக்கத்துக்கு வந்தார்கள். நாலு பக்கமும் விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தன.

"மிச்சம்?"

"இந்த மூலைலீங்க. மொத்தத்தையும் கவுத்திரோணும்."

கடைசிப் பெயரைச் சொன்னார். அம்மா சொம்பைக் கவிழ்த்தார்.

மஞ்சள் தண்ணீர் வேனின் மூலையில் வழிந்து இறங்கியது. இண்டிகேட்டர் கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தது. எப்போதோ ரிவர்ஸ் எடுக்கும்போது தென்னைமரத்தில் இடித்த வெடிப்பு. தண்ணீர் அந்த வெடிப்பில் தேங்கி, உள்ளே இறங்குவது செங்கோடனுக்கு நன்றாகத் தெரிந்தது. உள்ளே சுர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் ஆவி எழுந்து கண்ணாடியில் படிந்தது. விளக்கு அணைந்தது. மற்ற மூன்றும் எரிந்துகொண்டிருந்தன.

செங்கோடன் குனிந்து கண்ணாடியைத் தொட்டார். சுட்டது. வீட்டுக்கு வீடு ஆட்களை இறக்குகிறபோதெல்லாம் எரியவிட்டுக்கொண்டே வந்த விளக்கு, சுடாமல் என்ன செய்யும்? டேஷ்போர்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து இரண்டு திருகையும் கழற்றினார். கண்ணாடிக்கு அடியில் மஞ்சள் வண்டல் திட்டுத்திட்டாகப் படிந்து காய்ந்திருந்தது. அன்றைக்குக் காலையிலும் ஆஸ்பத்திரி வாசலில் இதே கண்ணாடியைக் கழற்றியவர்தான். குழந்தையின் நினைப்பில் இதையெல்லாம் பார்க்கவில்லை. அதற்கு முந்திய தடவைகளில் பார்த்திருக்கிறார், ரோட்டுப் புழுதி என்று நினைத்துத் துணியால் துடைத்திருக்கிறார்.

"நான் ஊத்துன தண்ணிங்களா?"

அம்மா குனிந்து அந்த வண்டலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"செத்தவங்களுக்குன்னு ஊத்துனேன். அது போயி இந்தக் கொழந்தைய ரோட்டுல தள்ளிருச்சா?"

செங்கோடனுக்கு இப்போது கோபம் வந்தது. பல்ப்மேல் வராத கோபம் அம்மாமேல் வந்தது.

"தெனமும் இங்கதான உக்காந்திருக்கீங்க. நான் ஊத்தறதப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"தெரியாதுங்கண்ணா."

"எப்படீங்க தெரியாமப் போகும்?"

"நீங்க பேரு சொல்ல ஆரம்பிச்சதும் நானும் கண்ண மூடிக்குவேன்."

செங்கோடனுக்கு வந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கழற்றிக் கையில் வைத்திருந்த கருகிப்போன பல்ப் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதை ரோட்டோரக் கல்லின்மேல் வைத்தார். உடம்பில் இருந்த களைப்பு அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கியதுபோல அந்தக் கல்லின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் மஞ்சள் தண்ணீர் பட்டு நனைந்தது, அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

அம்மா வேனுக்குள் எட்டி இண்டிகேட்டரை அணைத்தார். தொட்டியிலிருந்து இன்னொரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார், இது குடிக்க. செங்கோடன் வாங்கி அண்ணாந்து குடித்தார். முகத்தைக் கழுவிக்கொண்டார்.

ரோட்டில் ஒரு டவுன்பஸ் போயிற்று.

"கண்ணாடிய மாத்தீட்டா உள்ள தண்ணி எறங்காதுங்க" என்றார் செங்கோடன்.

"மாத்துங்க."

"அப்ப இந்தத் தண்ணி ஊத்தறத நிறுத்திப்போடலாங்களா?"

"எதுக்கு நிறுத்தோணும்? அவங்க பேரெல்லாம் வேற யாரு சொல்லப் போறாங்க? ஊத்துங்க."

"ஊத்துனா மறுபடியும்..."

"வண்டி வந்து நின்னதும் நிக்காததுமா ஊத்தாதீங்க. ஆறின பொறகு ஊத்துங்க."

செங்கோடன் தலையாட்டினார். சொம்பைத் தரையில் வைத்தார். எதற்கு வந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அம்மா முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் மகன் வீட்டுக்குப் போறதுங்கம்மா? போகட்டுங்களா, இருக்கட்டுங்களா?"

அம்மா கீரைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டோரத்தில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"நீங்களும் இப்பத்தானுங்கண்ணா வந்து நின்னிருக்கீங்க" என்றார். "ஆறட்டும்."