சத்தம் வரல சார்

"சங்கத்துல சேர்ந்தா எனக்கு என்ன மேடம் கிடைக்கும்?"

"வயிறு வலிக்கச் சிரிப்பு கிடைக்கும் சார்."

"எங்க, சிரிக்க வைங்க பார்ப்போம்."

"இப்ப வராது. கொஞ்சம் பொறுக்கணும்."

கேட்டவர் டாக்டர் குலோத்துங்கன். மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவர். பதில் சொன்னவர் டாக்டர் நசீமா, மருத்துவ ஆசிரியர் சங்கத்தின் செயலாளர். வயதில் அவரைவிடச் சின்னவர். ஆனாலும் வாத்தியார்களுக்கே வாத்தியார் என்று பேர்.

குலோத்துங்கன் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

"பசங்க என் கிளாஸ்ல தூங்குறாங்க மேடம். முழிச்சிருக்கவன் போனைப் பார்க்கிறான். சொல்லிக் கொடுக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தேன். எனக்கு அது வரல. ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல கூப்பிடுறாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். போயிடலாம்னு பார்க்கிறேன். ரத்தம் கொட்டாவி விடாது பாருங்க."

நசீமா ஆறுதல் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு சார். என் பசங்க லீவுல ஊருக்குப் போயிருக்காங்க. தினம் சாயங்காலம் ஆன்லைன்ல கிளாஸ். எனக்குப் பதிலா நீங்க எடுங்களேன்."

"இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசினீங்க?"

"இப்பதான் கட்டிச்சு."

மறுநாள் திரையில் வெறும் கறுப்புக் கட்டங்கள். உள்ளே பெயர்கள் மட்டும். சிக்னல் மோசம், கேமரா போட்டால் வகுப்பே அறுந்துவிடும் என்று நசீமா முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

குலோத்துங்கன் ஸ்லைடைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார்.

"சார், சத்தம் வரல," என்றான் லோகேஷ். மீசை அரும்புகிற வயசின் உடைந்த குரல்.

மைக்கைத் தட்டினார். "இப்ப கேக்குதாப்பா?"

"சூப்பரா கேக்குது சார்!"

மறுபடி ஸ்லைடை வாசித்தார்.

"சார், சத்தம் வரல."

பிரணவ் என்று பெயர் போட்ட கட்டத்திலிருந்து குறட்டை வந்தது. சின்னக் குறட்டை இல்லை. மலையேறும் லாரி.

"பிரணவ்!"

"பிரசென்ட் சார்!"

அடுத்து ஒரு கீச்சுக் குரல். தர்ஷினியாம். "சார், 'புரிஞ்சுதா'ன்னு கேக்குறீங்க. நாங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள அடுத்த ஸ்லைடுக்குப் போயிடுறீங்க. அவ்வளவு அவசரமா எங்க சார் போறோம்?"

குலோத்துங்கனுக்குக் காது சூடாகிவிட்டது.

"மைக்குல கோளாறு மேடம்," என்றார் நசீமாவிடம்.

"இருக்கலாம் சார்."

புது மைக் வாங்கினார். வாசித்தால் சத்தம் வரவில்லை. அதைவிட விலை கூடின மைக் வாங்கினார். வாசித்தால் சத்தம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் பொறுமை போய்விட்டது. ஸ்லைடை மூடினார்.

"லோகேஷ், காலையில என்னப்பா சாப்பிட்ட?"

"இட்லி சார்."

"அந்த இட்லி இப்ப எங்க இருக்கு?"

அவர் காத்திருந்தார்.

"வயித்துல," என்றாள் தர்ஷினி.

"காலையில தின்னது இன்னுமா?"

"அப்ப ரத்தத்துல?"

"கிட்ட வந்துட்டே. அங்கேருந்து எங்க போகும்?"

மறுபடி காத்திருந்தார். மெல்ல மெல்ல, இட்லி சர்க்கரையாகி, ரத்தத்தில் ஏறி, ஒவ்வொரு உயிரணுவாகக் கதவைத் தட்டி உள்ளே போனது. பதில் சொல்லி அதை நகர்த்தியவை கறுப்புக் கட்டங்கள்தான். அவர் வழி மட்டும் காட்டினார். குறட்டை எப்போது நின்றதென்று அவருக்கே தெரியாது.

"சார், இன்னிக்குச் சத்தம் கணீர்னு இருக்கு," என்றான் லோகேஷ்.

போன் அடித்தது. லேப்காரர்.

"கிளாஸ்ல இருக்கேன் சார். நாளைக்கும் இருப்பேன். அடுத்த மாசமும்தான். நீங்க வேற ஆள் பார்த்துக்குங்க."

போனைக் கவிழ்த்து வைத்தார். "எங்கப்பா விட்டோம்?"

லோகேஷ் வாயெடுப்பதற்குள் அவன் கட்டத்திலிருந்து ஓர் அம்மாளின் குரல் வந்தது.

"ஏங்க, பேரனைக் கூட்டிட்டு வரணும்னு ஞாபகம் இருக்கா? பிரஷர் மாத்திரையும் போடல. ரிட்டயர் ஆன மனுஷன், தினம் சாயங்காலம் சின்னப் பையன் மாதிரி குரலை மாத்திக்கிட்டு…"

"லோகேஷ்," என்றார் குலோத்துங்கன் மெதுவாக. "நீ எந்த வருஷம்பா படிக்கிற?"

லோகேஷின் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. பளபளவென்று ஒரு வழுக்கைத் தலை.

"உடற்கூறியல் நடத்தி ரிட்டயர் ஆகி நாலாவது வருஷம் சார்."

அடுத்த கட்டத்தில் நரைத்த கொண்டை. கீச்சுக் குரல் போய்க் கட்டைக் குரல் வந்தது. "நான் மருந்தியல் துறைத் தலைவர் சார். நானும் சங்கம்தான். உங்களை ரொம்பப் படுத்திட்டேன், மன்னிச்சுக்குங்க."

பிரணவுக்குத் தொப்பை இருந்தது. "நான் குழந்தை மருத்துவம் சார். இதெல்லாம் கம்மி. எனக்கு இவங்க பண்ணினப்ப நான் அழுதுட்டேன். கோயம்புத்தூர்ல ஒரு மேடம் வேலையை விடப் போறாங்களாம். அடுத்து அவங்களுக்கு. குறட்டையை நீங்க எடுத்துக்கிறீங்களா சார்? எனக்குத் தொண்டை போச்சு."

கடைசிக் கட்டத்தில் நசீமா. அவர் தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

குலோத்துங்கன் மேசையைப் பார்த்தார். விலை கூடின மைக். அதற்கு முந்தின மைக். அதற்கும் பின்னால், தூசி படிந்து, முதல் மைக்.

"அப்ப மேடம்… இது நல்லாத்தான் இருந்துச்சா…"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.